இரும்பும் களைத்துப் போகுமா? — விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் வாழ்க்கை

நாள் முழுவதும் ஏர் இழுத்த மாடு மாலையில் தள்ளாடுகிறது. இரவு படுத்து எழுந்தால், மறுநாள் காலையில் மீண்டும் ஏர் இழுக்கிறது.

மனிதனும் அப்படித்தான். உழைத்தால் களைப்பு. ஓய்வு எடுத்தால் தெம்பு.

உயிர் உள்ளவற்றுக்கு இது சரி. ஓர் இரும்புத் துண்டு களைத்துப் போகுமா?

இப்படி ஒருவர் கேட்டார். கேட்டவர் கவிஞர் அல்ல, விஞ்ஞானி. அவர் தம் கையால் செய்த ரேடியோக் கருவி அடிக்கடி மந்தமாகிப் போனது. அது ஏன் என்று தேடிப் போனவர், இந்தக் கேள்வியில் வந்து நின்றார். அந்தக் கேள்வி அவருக்குப் பெரும் புகழையும் கொடுத்தது. பெரும் எதிர்ப்பையும் கொடுத்தது.

அவர்தான் ஜகதீச சந்திர போஸ்.

மீனவர் மகனோடு படித்தார்

போஸ் 1858-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி பிறந்தார். ஊர், அன்றைய வங்காளத்தில் உள்ள மைமன்சிங். அது இன்று வங்காள தேசத்தில் இருக்கிறது.

தந்தை பகவான் சந்திர போஸ், டெபுடி மாஜிஸ்திரேட்டாக இருந்தார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட அதிகாரிகள் தங்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்புவார்கள். பகவான் சந்திரர் அப்படிச் செய்யவில்லை. பிள்ளை முதலில் தாய்மொழியைப் படிக்கட்டும் என்று வங்காளிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்.

அங்கே போஸுக்கு ஒரு பக்கம் தந்தையின் முஸ்லிம் சேவகருடைய மகன் உட்கார்ந்திருப்பான். இன்னொரு பக்கம் மீனவர் மகன் உட்கார்ந்திருப்பான். அவர்கள் சொன்ன பறவைக் கதைகளும் மீன் கதைகளும் போஸின் மனதில் பதிந்து விட்டன. இயற்கையை உற்றுப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் வந்தது.

பிறகு கல்கத்தாவில் செயின்ட் சேவியர் கல்லூரியில் படித்தார். 1880-ம் ஆண்டு டாக்டருக்குப் படிக்க லண்டனுக்குக் கப்பல் ஏறினார்.

ஆனால் அவருக்கு விடாத காய்ச்சல் இருந்தது. பிணத்தை அறுத்துப் படிக்கும் அறையின் நெடியில் அது மேலும் முற்றியது. டாக்டர் படிப்பை விட்டு விட்டு, கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படித்தார். பட்டங்கள் பெற்று, 1885-ல் தாய்நாடு திரும்பினார்.

மூன்று ஆண்டு சம்பளம் வாங்கவில்லை

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் போஸுக்குப் பேராசிரியர் வேலை கிடைத்தது. வேலை கிடைத்ததே தவிர, மரியாதை கிடைக்கவில்லை.

வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு மூன்று ரூபாய் என்றால், அதே வேலை பார்க்கும் இந்தியருக்கு இரண்டு ரூபாய்தான். அதிலும் போஸ் தற்காலிகம் என்று சொல்லி, அந்த இரண்டிலும் பாதியைக் குறைத்தார்கள். அதாவது மூன்றில் ஒரு பங்கு!

போஸ் வேலையை விடவில்லை. சண்டையும் போடவில்லை. பாடம் நடத்தினார், சம்பளத்தை மட்டும் தொடவில்லை. இப்படி ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல. மூன்று ஆண்டுகள்!

அப்பொழுது வீட்டு நிலைமை நன்றாக இல்லை. தந்தை பல தொழில்களில் பணம் போட்டு நஷ்டம் அடைந்திருந்தார். கடன் தலைக்கு மேல் இருந்தது.

இந்தக் கஷ்டத்தின் நடுவேதான் 1887-ல் போஸுக்குத் திருமணம் நடந்தது. மணமகள் அபலா தாஸ்.

அபலாவுக்கும் நம் சென்னைக்கும் தொடர்பு உண்டு. அவருக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் அப்பொழுது பெண்களைச் சேர்க்கவில்லை. ஆகவே 1882-ல் அவர் சென்னைக்கு வந்து, மருத்துவக் கல்லூரியில் படித்தார். உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்க முடியாமல் ஊர் திரும்பினார்.

சம்பளம் இல்லாத கணவருக்கு வாழ்க்கைப்பட்டும் அபலா முகம் சுளிக்கவில்லை. இருப்பதைக் கொண்டு குடும்பம் நடத்தினார்.

கடைசியில் சர்க்கார் இறங்கி வந்தது. வேலை நிரந்தரம் ஆயிற்று. மூன்று ஆண்டுச் சம்பளமும் முழுதாகக் கைக்கு வந்தது. அந்தப் பணத்தைக் கொண்டு போஸ் தந்தையின் கடனை அடைத்தார்.

கட்டில் அளவு ஆராய்ச்சி அறை

1894-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி போஸுக்கு 36 வயது நிறைந்தது. இனி என் வாழ்நாள் ஆராய்ச்சிக்கே என்று அன்று சங்கல்பம் செய்து கொண்டார்.

ஆராய்ச்சிக்குக் கல்லூரியில் இடம் ஏது? ஒரு சிறிய அறைதான் கிடைத்தது. அதன் பரப்பு 24 சதுர அடி. ஒரு கட்டில் போட்டால் அறை நிறைந்து விடும்!

கருவிகள் வாங்கவும் பணம் இல்லை. ஒரு தகர வேலைக்காரரைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு, தேவையான கருவிகளைத் தாமே செய்து கொண்டார்.

அவர் எடுத்துக் கொண்டது ரேடியோ அலை. இந்த அலை கண்ணுக்குத் தெரியாது. காதுக்கும் கேட்காது. ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்ட்ஸ் அதைக் கண்டுபிடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

குளத்தில் கல்லைப் போட்டால் அலை எழுகிறது. ஓர் அலையின் முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரம்தான் அலையின் நீளம். ஹெர்ட்ஸ் உண்டாக்கிய அலைகள் மிக நீளமானவை. போஸ் உண்டாக்கிய அலையோ சுமார் 5 மில்லிமீட்டர் நீளம்தான். ஓர் உளுத்தம்பருப்பின் அளவு என்று வைத்துக் கொள்ளலாம்.

1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் போஸ் ஒரு காட்சி நடத்தினார். ஓர் அறையில் அலையை எழுப்பினார். அது சுவர்களைத் துளைத்துச் சென்றது. 75 அடி தூரத்தில் இருந்த மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது! கம்பி எதுவும் கிடையாது. கூடியிருந்தவர்கள் அதிசயித்துப் போனார்கள்.

தொல்லை கொடுத்த தூள்

அலையை எழுப்புவது ஒரு பாதி வேலை. அது வந்து சேர்ந்ததைக் கண்டுபிடிப்பது மறு பாதி. அதற்கு உள்ள கருவியைத்தான் இன்று ரிசீவர் என்கிறோம்.

அன்றைய ரிசீவர் எப்படி இருந்தது தெரியுமா?

ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் இரும்பு போன்ற உலோகத்தின் அரத்தூள். குழாயின் இரு முனையிலும் மின்சாரக் கம்பி. இதற்குக் 'கோஹீரர்' என்று பெயர்.

சாதாரணமாக அந்தத் தூள் வழியே மின்சாரம் சரியாக ஓடாது. ரேடியோ அலை வந்து பட்டவுடன் தூள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கொள்ளும். மின்சாரம் ஓடும். மணி அடிக்கும் அல்லது முள் அசையும். அலை வந்து விட்டது என்று தெரிந்து கொள்ளலாம்.

ஆனால் ஒட்டிய தூள் தானாகப் பிரியாது. ஒவ்வொரு தடவையும் குழாயைத் தட்டித் தட்டிப் பிரிக்க வேண்டும். தட்டிய பிறகு, தூள் முன்பு இருந்த மாதிரியே உட்காரும் என்றும் சொல்ல முடியாது. ஒரு தடவை நன்றாக உணரும். அடுத்த தடவை உணராது.

கல்கத்தாவில் இன்னொரு தொல்லையும் சேர்ந்து கொண்டது. அங்கே காற்றில் எப்போதும் ஈரம். தூள் துருப் பிடித்தது. துருப் பிடித்தால் கருவியின் கூர்மை போயிற்று.

போஸின் குட்டி அலைகளோ பலம் குறைந்தவை. மந்தமான கருவிக்கு அவை தெரியவே தெரியாது. கருவி ஊமையாக இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். அலை வரவில்லை, அல்லது வந்தும் கருவி உணரவில்லை. எது என்று தெரியாமல் எப்படி ஆராய்ச்சி செய்வது?

வீணைத் தந்தியை முடுக்குவது போல

போஸ் முதலில் தூளை ஒழித்துக் கட்டினார். அதற்குப் பதிலாகச் சின்னச் சின்ன எஃகு ஸ்பிரிங்குகளை ஒரு பள்ளத்தில் வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினார். ஒன்று மற்றொன்றைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்.

பக்கத்தில் ஒரு திருகு வைத்தார். திருகைத் திருப்பினால் ஸ்பிரிங்குகள் நெருங்கும். எதிர்ப் பக்கம் திருப்பினால் விலகும். மின்சாரத்தின் அளவையும் கூட்டிக் குறைக்க வழி செய்தார்.

வீணை வாசிப்பவர் தந்தியை முடுக்கிச் சுருதி சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி போஸ் தம் கருவிக்குச் சுருதி சேர்த்தார். அழுத்தம் அதிகமானால் கருவி மந்தமாகும். குறைந்தால் தொடர்பே அறுந்து போகும். நடுவில் ஓர் இடத்தில்தான் கூர்மை இருக்கிறது. கருவி மங்கும்போது மின்சாரத்தைச் சிறிது மாற்றினால், கூர்மை திரும்பி வருவதையும் கண்டார்.

இந்தக் கருவிகளோடு இங்கிலாந்து சென்றார். 1897-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் செய்து காட்டினார். கட்டில் அளவு அறையில் தகர வேலைக்காரரோடு செய்த கருவிகளை இங்கிலாந்தின் பெரிய விஞ்ஞானிகள் வியந்து பார்த்தார்கள்.

பாதரசக் கிண்ணம்

ஊர் திரும்பிய பிறகும் போஸுக்குத் திருப்தி இல்லை. தட்ட வேண்டிய தேவையே இல்லாத கருவி வேண்டும் என்று நினைத்தார். அதற்காகப் பல உலோகங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார்.

கடைசியில் ஒரு சிறு கிண்ணத்தில் பாதரசம் ஊற்றினார். அதன் மேல் மிக மெல்லிய எண்ணெய்ப் படலம். அதன் மேல் மெதுவாகத் தொடும் ஓர் இரும்புத் தகடு. அலை வந்தால் மின்சாரம் ஓடும். அலை நின்றால் கருவி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பி விடும். தட்ட வேண்டாம். டெலிபோன் குழாயைக் காதில் வைத்தால் சத்தமும் கேட்கும்.

1899-ல் இந்த விவரங்கள் லண்டன் ராயல் சொசைட்டி வெளியீட்டில் வந்தன.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1901-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த ரேடியோ அலையைக் கேட்டதாக மார்க்கோனி உலகுக்கு அறிவித்தார். அவர் பயன்படுத்திய ரிசீவரிலும் பாதரசம் இருந்தது. டெலிபோன் குழாய் இருந்தது. அது இத்தாலியக் கடற்படையிலிருந்து அவருக்குக் கிடைத்தது. அதன் மூலம் போஸின் கருவிதான் என்று 1998-ல் வெளியான ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வாதித்தது. ரேடியோவைப் பெரிய தொழிலாக வளர்த்த பெருமை மார்க்கோனிக்கு உண்டு. அதைப் போஸும் நாடவில்லை.

ஓய்வு கொடுத்தால் சரியாகிறது!

துருவும் அழுத்தமும் போன பிறகு, இன்னொரு விசித்திரக் கோளாறு மட்டும் மிச்சம் இருந்தது.

காலையில் கருவி கூர்மையாக இருக்கும். தொடர்ந்து அலைகளை அனுப்பிக் கொண்டே இருந்தால், போகப் போக மங்கிக் கொண்டே வரும். கொஞ்ச நேரம் சும்மா விட்டு வைத்தால், மறுபடியும் கூர்மை வந்து விடும்!

வேறு ஒருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? கருவியைத் தட்டிச் சரி செய்து கொண்டு, மேலே வேலையைப் பார்த்திருப்பார். போஸ் அப்படி விடவில்லை. இது உழைத்த மனிதனின் களைப்புப் போல அல்லவா இருக்கிறது என்று யோசித்தார்.

கருவி எவ்வளவு உணர்கிறது என்பதைக் காகிதத்தில் கோடாக வரைந்தார். உழைத்துக் களைத்த தசையின் கோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்று போலவே இருந்தன.

பிறகு தகரம் போன்ற உலோகங்களைச் சோதித்தார். தூண்டினால் உலோகம் மின்சாரத்தால் பதில் காட்டியது. சில மருந்துகள் பட்டால் அந்தப் பதில் பெரிதாயிற்று. விஷம் பட்டால் மங்கி நின்றது.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த உடலியல் மேதை சர் மைக்கேல் பாஸ்டர் ஒரு நாள் இந்தக் கோடு ஒன்றைப் பார்த்தார். தசையின் கோடு என்றே நினைத்தார். அது தகரத்தின் கோடு என்று கேட்டதும் திகைத்துப் போனார்.

சொல்லை மாற்ற மறுத்தார்

1900-ல் பாரிஸில் நடந்த விஞ்ஞான மாநாட்டில் போஸ் இதைப் பற்றிப் பேசினார். 1901-ம் ஆண்டு மே 10-ந் தேதி ராயல் இன்ஸ்டிடியூஷனில் செய்து காட்டினார். எல்லோரும் பாராட்டினார்கள்.

அதே மே மாதத்தில் ஒரு கோடீசுவரர் போஸைத் தேடி வந்தார். அவர் ஒரு தந்திக் கம்பெனியின் முதலாளி. போஸின் ரிசீவருக்குப் பேட்டண்ட் எடுத்தால் பணம் கொட்டும் என்று ஆசை காட்டினார். லாபத்தில் பாதி எனக்கு, பாதி உமக்கு என்றார்.

போஸ் மறுத்து விட்டார். பண ஆசைக்குள் ஒரு தடவை கால் வைத்தால், பிறகு மீள முடியாது என்று தம் நண்பர் தாகூருக்குக் கடிதம் எழுதினார்.

அடுத்த மாதமே அடி விழுந்தது.

ஜூன் 6-ந் தேதி ராயல் சொசைட்டியில் போஸ் பேசினார். உடலியலில் பெரும் புள்ளியான பர்டன் சாண்டர்சன் எழுந்து எதிர்த்தார். பௌதிகம் படித்தவர் உயிர் நூலுக்குள் ஏன் வருகிறார் என்பது அவர் வாதம். உயிர் உள்ளவற்றுக்கே உரிய சொற்களைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றார்.

சொல்லை மாற்றினால் கட்டுரை வெளிவரும். மாற்றாவிட்டால் வராது. போஸ் மாற்ற மறுத்தார். சங்கம் கட்டுரையை வெளியிடாமல் கிடப்பில் போட்டு விட்டது.

அவரோ லீவில் வந்தவர். லீவு முடிந்து கொண்டிருந்தது. பணம் இல்லை. தோற்றவராக ஊர் திரும்புவதா?

இங்கே நட்பு கை கொடுத்தது. ரவீந்திரநாத் தாகூர் திரிபுரா மகாராஜாவிடம் எடுத்துச் சொல்லிப் பண உதவி பெற்று அனுப்பினார். போஸ் லண்டனில் தங்கி மேலும் சோதனைகள் செய்தார். 1902-ல் லின்னேயன் சொசைட்டி அவர் ஆராய்ச்சியை ஏற்று வெளியிட்டது. அதே ஆண்டில் அவருடைய புத்தகமும் வந்தது.

வேண்டாத பேட்டண்ட்

போஸ் ஈயத் தாதுவான கலீனா என்ற படிகத்தையும் ரிசீவராகப் பயன்படுத்தியிருந்தார். ஸ்பிரிங் இல்லை, தூள் இல்லை, தட்டவும் வேண்டாம்.

சகோதரி நிவேதிதாவும், சாரா புல் என்ற அமெரிக்க அம்மையாரும் வற்புறுத்தியதால், அதற்கு மட்டும் அமெரிக்கப் பேட்டண்டுக்கு மனுச் செய்யப்பட்டது. 1904-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி பேட்டண்ட் கிடைத்தது. போஸ் அதைக் கொண்டு ஒரு காசு கூடச் சம்பாதிக்கவில்லை. அதன் காலம் முடியும்படி விட்டு விட்டார்.

1920-களில் உலகெங்கும் வீடுகளில் படிக ரேடியோக்கள் பாடின. அவற்றில் பலவற்றில் இருந்தது கலீனாப் படிகம்தான்!

செடிகளைத் தேடிப் போனார்

உலோகமே பதில் காட்டுகிறது என்றால், செடிகள்? போஸின் மனம் அங்கே தாவியது. தொட்டாற்சுருங்கியையும் தொழுகண்ணியையும் சோதித்தார். செடிக்குள் மின்சாரச் செய்தி ஓடுவதைக் கருவியால் காட்டினார். செடி வளர்வதை ஒரு கோடி மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவியையும் செய்தார்.

1917-ம் ஆண்டு, தம் பிறந்த நாளான நவம்பர் 30-ந் தேதி, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். அது வெறும் ஆராய்ச்சி சாலை அல்ல, கோயில் என்று அன்று சொன்னார். 24 சதுர அடியில் தொடங்கியவர் கட்டிய கோயில் அது.

1920-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக எடுத்துக் கொண்டது. கட்டுரையைக் கிடப்பில் போட்ட அதே சங்கம்!

1937-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி, கிரிதி என்ற ஊரில் போஸ் காலமானார். 79-வது பிறந்த நாளுக்கு ஒரு வாரமே இருந்தது.

யார் சொன்னது சரி?

இரும்பு களைத்துப் போகிறதா? உயிர் உள்ளது போல் அது களைப்பதாக இன்றைய விஞ்ஞானிகள் சொல்வதில்லை. இரண்டு உலோகங்கள் தொடும் இடத்தில் ஏற்படும் மாறுதலே கருவி மங்கக் காரணம் என்கிறார்கள். அந்த வகையில் பர்டன் சாண்டர்சனின் சந்தேகத்திலும் நியாயம் இருந்தது.

ஆனால் செடிக்குள் மின்சாரச் செய்தி ஓடுவது உண்மை என்று பிற்காலத்தில் நிரூபணம் ஆயிற்று. கலீனாப் படிகம் எந்த இனத்தைச் சேர்ந்ததோ, அந்த இனப் பொருள்களிலிருந்துதான் பின்னால் டிரான்சிஸ்டர் பிறந்தது. போஸ் எழுப்பிய குட்டி அலைகளின் இனத்தைத்தான் கார்களில் வைக்கும் ராடாரிலும், புதிய செல்போன் கோபுரங்கள் சிலவற்றிலும் இன்று பயன்படுத்துகிறார்கள்.

இத்தனையும் எங்கே தொடங்கின? மக்கர் செய்த ஒரு கருவியில்!

கருவி கெட்டால் நாம் கோபப்படுகிறோம், தட்டுகிறோம், தூக்கி எறிகிறோம். போஸ் அதன் முன் உட்கார்ந்து, ஏன் என்று கேட்டார். துருவா என்று பார்த்தார். அழுத்தமா என்று பார்த்தார். மின்சாரமா என்று பார்த்தார். ஒவ்வொன்றாக விலக்கிய பிறகும் மிஞ்சிய கோளாறை அவர் ஒதுக்கவில்லை. அதையே வாழ்நாள் ஆராய்ச்சியாக எடுத்துக் கொண்டார்.

அவர் கையால் செய்த கருவிகள் கல்கத்தா போஸ் நிலையத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவை பார்க்க எளிய பொருள்கள்தான். அவற்றின் பின்னால் இருந்த பொறுமைதான் பெரியது.